பட்டை தீட்ட வேண்டியது அடியில்

"மேல கலரப் போட்டு மூடப் போறீங்க. அடியில எதுக்குங் அம்மிணி இத்தன வேலை?"

கோவையில் பல காலமாகக் கல் கட்டும் பத்தர் ஒருவர் இப்படிக் கேட்டார். ஊசியால் வரிவரியாகக் கோடு அழுத்திய வெள்ளி ரேக்கு, அதாவது மெல்லிய வெள்ளித் தகடு, ஒன்று அவர் பலகைமேல் கிடந்தது. அதன்மேல் நீல எனாமல், அதாவது சுட்டால் உருகி ஒட்டும் நிறக் கண்ணாடிப் பொடி, போட்டு உலையில் வைக்கப்போகிறேன் என்று அப்போதுதான் சொல்லியிருந்தேன். கேலியாகக் கேட்கவில்லை அவர். காரணம் தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் கேட்டார். "வெளிச்சம் உள்ள போயி திரும்பி வரணும்ங்க ஐயா, அதுக்குத்தான்" என்றேன். உடனே அடுத்த கேள்வி வந்தது: "திரும்பி வரத்துக்கு வழவழன்னு இருக்கற வெள்ளியே போதுமேங்க. கோடு எதுக்கு?"

அந்த இரண்டாவது கேள்விதான் என்னை விடவில்லை. ஏனென்றால் அவர் சொன்னது சரி. மெருகேற்றிய வெள்ளி, கண்ணுக்குத் தெரியும் ஒளியில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் திருப்பி அனுப்பிவிடும். அதைவிட நன்றாகத் திருப்பும் உலோகம் கிடையாது. கோடு போடுவதால் வெள்ளி கூடுதலாக ஒரு துளி ஒளியையும் உண்டாக்கப்போவதில்லை. ஆனாலும் வழவழப்பான ரேக்கின்மேல் சுட்ட நீலத்தையும், வரி போட்ட ரேக்கின்மேல் சுட்ட அதே நீலத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒன்று உறங்குகிறது, மற்றொன்று விழித்திருக்கிறது. இந்த வேலையைச் செய்கிற எல்லோரும் இதைப் பார்த்திருப்பார்கள். "டெக்ஸ்சர் போட்டா அழகா இருக்கும்" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவோம். நானும் அப்படித்தான் நகர்ந்திருப்பேன், பெரியவர் கேட்காமல் இருந்திருந்தால்.

செம்பு, வெள்ளி, நடுவில் ஒரு கண்ணாடி

நான் செய்கிற பதக்கங்கள் பெரும்பாலும் செம்பு. தங்கத்தில் குழி செதுக்கி எனாமல் நிரப்பும் மீனா வேலை செய்ய எனக்கு வசதியில்லை. செம்பின்மேல் நேராக நீலமோ பச்சையோ போட்டால் அடியின் செந்நிறம் ஏறிக் கலங்கிவிடும். அதனால்தான் ரேக்கு. இனிப்பின்மேல் ஒட்டுகிற வெள்ளித் தாள் இதற்கு உதவாது; மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கைவிட மெல்லிசாக இருக்கும் அது, உலைச் சூட்டில் கண்ணாடிக்குள் கரைந்து காணாமல் போகும். கையில் பிடித்தால் கிழியாமல் நிற்கிற, அதைவிடப் பல மடங்கு கனமான சுத்த வெள்ளி ரேக்கு வேண்டும்.

இங்கே ஒரு விஷயம் இருக்கிறது. வெள்ளி 962 டிகிரியில் உருகும், செம்பு 1085 டிகிரியில். எனாமலைச் சுடுவது 800 டிகிரியை ஒட்டி. பார்த்தால் இரண்டுக்கும் ஆபத்தில்லை என்று தோன்றும். ஆனால் வெள்ளியும் செம்பும் நேராகத் தொட்டுக்கொண்டிருந்தால், தொட்ட இடத்தில் 779 டிகிரியிலேயே இரண்டும் கலந்து உருகிவிடும். ரேக்கு அப்படியே செம்புக்குள் இறங்கிவிடும். ஆகவே செம்பின்மேல் முதலில் நிறமில்லாத எனாமல் ஒரு பூச்சு சுட்டு, அந்தக் கண்ணாடியின்மேல்தான் ரேக்கை ஒட்ட வேண்டும். பெரியவரிடம் இதைச் சொன்னபோது அவருக்குக் கொஞ்சமும் வியப்பில்லை. "வெள்ளியும் செம்பும் கூடுனா அது பத்தவைக்கற பொடிதானுங்களே, உருகத்தான செய்யும்" என்றார். உலோகவியல் பாடத்தில் வரைபடம் போட்டு விளக்குகிற சங்கதியை அவர் ஊதுகுழலும் கையுமாக வாழ்நாள் முழுக்கச் செய்துகொண்டிருக்கிறார்.

ரேக்கை ஒட்டும் முன் அதில் மிக நுண்ணிய துளைகள் போடுவோம். கார்க்கில் ஊசிகளைச் சேர்த்துக் குத்திக்கொண்டால் அதுவே கருவி. அடியில் மாட்டிய காற்றும் பசையின் ஆவியும் வெளியேற வழி இல்லையென்றால் குமிழ் எழும்பும். இதே காரணத்தால்தான் ரேக்கில் புடைப்பு உயரமாக இருக்கக் கூடாது. உயரம் கூடக் கூட அடியில் காற்றும் கூடும். உலையில் கீழ்க்கண்ணாடி இளகி ரேக்கைப் பிடித்ததும் வெளியே எடுத்து, ஆறவைத்து, மெதுவாகத் தேய்த்துப் படியவைத்து, அதன்மேல் நிற எனாமல். அந்தப் பொடியைத் தண்ணீரில் கலக்கி, பால்போல் மிதக்கும் தூசியைக் கொட்டி, தண்ணீர் தெளியும்வரை திரும்பத் திரும்பக் கழுவ வேண்டும். கழுவாத பொடி சுட்டபின் மங்கலாக நிற்கும். அடியில் என்ன வேலை செய்திருந்தாலும் தெரியாது.

பழையவர்கள் தரையில் என்ன எழுதினார்கள்

அடித்தரையில் வேலை செய்து மேலே ஒளி புகும் எனாமல் போடுவது இன்று நேற்று வந்ததில்லை. இத்தாலியில் அசிசி தேவாலயத்தில் ஒரு வழிபாட்டுக் கிண்ணம் இருக்கிறது. சியன்னாவைச் சேர்ந்த குச்சோ தி மன்னாயா செய்தது. போப் நான்காம் நிக்கோலஸ் பதவியில் இருந்த 1288–1292 காலத்தது. வெள்ளியில் உருவங்களை மிகத் தாழ்வாகச் செதுக்கி, அதன்மேல் எனாமலைச் சமமாக நிரப்பியிருக்கிறார்கள். செதுக்கு ஆழமான இடத்தில் கண்ணாடி தடிக்கிறது, நிறம் கருக்கிறது. மேடான இடத்தில் வெளுக்கிறது. ஒரே ஒரு நீலத்தை வைத்துக்கொண்டு உடையின் மடிப்பும் நிழலும் வந்துவிடுகின்றன. ஜெய்ப்பூர் மீனாக்காரர்கள் தங்கத்தில் குழி தோண்டியதும் அப்படியே விட்டுவிடுவதில்லை. குழியின் தரையில் நெருக்கமாகக் கோடு கிழிக்கிறார்கள். எனாமல் பிடித்து நிற்கவும் அது உதவுகிறது, அவர்களுடைய சிவப்பு அப்படி எரிவதற்கும் அதில் பங்கு உண்டு. ரஷ்யாவில் ஃபாபெர்ஜே என்ற நகைப் பட்டறை 1897இல் செய்த, முடிசூட்டு முட்டை எனப்படும் முட்டை வடிவ அலங்காரப் பொருளில், தங்கத் தரை முழுக்க இயந்திரத்தால் கதிர்க்கோடுகள் வெட்டி அதன்மேல் ஒளி புகும் மஞ்சள் போட்டிருக்கிறார்கள்.

இவையெல்லாம் தடித்த உலோகத்தில் வெட்டியவை. ரேக்கிலேயே வேலை செய்தவர்கள் என்றால் எனக்கு ஜப்பான்தான். நாகோயா வட்டாரத்தில் 1830களில் காஜி த்சுனெகிச்சி, டச்சுக்காரர்கள் கொண்டுவந்த எனாமல் பொருளைப் பிரித்துப் பார்த்து இந்தக் கலையைக் கற்றார் என்பது அங்கே சொல்லப்படும் வரலாறு. 1870களில் காட்ஃபிரீட் வாக்னர் என்ற ஜெர்மானிய வேதியியலாளர் ஒளி புகும் எனாமல்களைச் செம்மைப்படுத்த உதவினார். அண்டோ ஜூபெய் 1880இல் தொடங்கிய நிறுவனம் இன்றும் நாகோயாவில் இருக்கிறது. இந்த மரபில் கின்பாரி என்றொரு முறை உண்டு: செம்புப் பாத்திரத்தின்மேல் வரி அழுத்திய வெள்ளி ரேக்கை ஒட்டி, அதன்மேல் பச்சை, நீலம், சிவப்பு என்று கண்ணாடி மாதிரியான எனாமல். அருங்காட்சியகப் படங்களில் பார்த்தால் அலைக்கோலம் போட்ட ஒரு பச்சைச் சாடி, அவ்வளவுதான். அதே மாதிரிச் சாடியைச் சுழலும் மேடையில் வைத்து எடுத்த காணொளியைப் பார்த்தபோதுதான் எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. சாடி திரும்பத் திரும்ப அலைகள் நகர்ந்தன. வெளிச்சம் ஒரு வரியிலிருந்து அடுத்த வரிக்குக் கைமாறிக்கொண்டே போனது. இந்த வேலையைப் புகைப்படத்தை வைத்து எடைபோடக் கூடாது என்பது அன்றிலிருந்து என் உறுதியான கருத்து. நகை, அசைகிற உடம்பின்மேல் இருப்பது.

கசங்கிய தகடு

இத்தனைக்குப் பிறகும் பெரியவரின் கேள்விக்கு என்னிடம் உதாரணங்கள் இருந்தன, பதில் இல்லை. ஒரு நாள் அவர் பழைய அட்டிகை ஒன்றைப் பிரித்துக்கொண்டிருந்தார். சிவப்புக் கல், கல்லைப் பதித்த இடம் பின்பக்கம் மூடியது. நம் வீடுகளில் சொல்வார்களே, தண்ணீர் இறங்கிவிட்டது, எண்ணெய் இறங்கிவிட்டது என்று, அந்த மாதிரி இரண்டு மூன்று கல் இருண்டு போயிருந்தது. கல்லைக் கிளப்பியதும் அடியிலிருந்த தகடு கறுத்திருந்தது. கல்லுக்கு ஒன்றும் ஆகவில்லை. கறுத்த தகட்டைச் சுரண்டிவிட்டுப் புதுத் தகடு நறுக்கி வைத்தார். வைக்கும்போது ஓரத்தில் லேசாகக் கசங்கியது. கல்லை வைத்துப் பார்த்துவிட்டு, தகட்டை எடுத்து எறிந்துவிட்டு வேறொன்று நறுக்கினார்.

"கசங்குனா என்னங்க ஐயா, இன்னும் மின்னாதா?" என்றேன்.

"கல்லுல பட்டை இருக்குதுங்களே. திருப்பி விடற வேலைய அது பாத்துக்கும். தகடு குறுக்க பூந்து குழப்பப் படாது."

அவர் அதைச் சொல்லிவிட்டு அடுத்த கல்லுக்குப் போய்விட்டார். நான் அங்கேயே நின்றுவிட்டேன். கல்லில் பட்டை தீட்டுவது எதற்கு? உள்ளே வருகிற ஒளியை எந்தத் திசையில் வெளியே விடுவது என்று தீர்மானிக்க. எனாமலுக்கு மேற்புறம் தட்டை. அதில் பட்டை கிடையாது, தீட்டவும் முடியாது. மேலும் தட்டை, கீழும் தட்டை என்றால் அது நிறம் போட்ட முகம் பார்க்கும் கண்ணாடி. விளக்கு சரியான கோணத்தில் இருக்கும்போது மட்டும் ஒரு வெட்டு வெட்டும், மற்ற நேரமெல்லாம் எதிர்ச் சுவரின் நிழலைக் காட்டிக்கொண்டு இருண்டிருக்கும். அப்படியானால் பட்டையைக் கீழே, ரேக்கில்தான் தீட்ட வேண்டும். அவருடைய கல்லுக்குத் தகடு வழவழப்பாக இருக்க வேண்டியதும் என்னுடைய எனாமலுக்கு அது வரிவரியாக இருக்க வேண்டியதும் ஒரே காரணத்தால்தான்.

எத்தனை டிகிரி

பட்டை என்று ஒத்துக்கொண்ட பிறகு, அதைக் கண்டபடி போட முடியாது. கல் வெட்டுகிறவர் கோணம் பார்க்காமல் கை வைக்க மாட்டார். அதுவரை நான் கோணத்தைப் பற்றி நினைத்ததே இல்லை. கோலத்தைப் பற்றித்தான் நினைத்திருந்தேன்: அலையா, செதிலா, இலை நரம்பா.

கோவையில் வளையல்களில் வைரமுனையால் பூ வெட்டு வெட்டும் சி.என்.சி. இயந்திரங்கள் நிறைய. அப்படி ஒரு பட்டறையில் பித்தளைத் தகடுகளில் நேர்கோடுகள் வெட்டித் தரச் சொன்னேன், ரேக்கை அவற்றின்மேல் வைத்து அழுத்திக்கொள்ளலாம் என்று. ஒரு தகடு 120 டிகிரி வாய் உள்ள முனையால்; அங்கே கைவசம் இருந்தது அதுதான். இன்னொன்று 160 டிகிரி, மிகவும் அகன்ற வாய். அதற்கு முனையைத் தனியாகத் தீட்ட வேண்டியிருந்தது. இரண்டிலும் ரேக்கை அழுத்தி எடுத்துப் பார்த்தால் 120 டிகிரி ரேக்கு கண்ணைப் பறித்தது. 160 டிகிரி ரேக்கில் கோடு இருப்பதே சாய்த்துப் பார்த்தால்தான் தெரிந்தது. வெட்டிக் கொடுத்தவரும் "இது எடுபடாதுங்க" என்றார். இரண்டின்மேலும் ஒரே அடர் நீலத்தை ஒரே கனத்தில் போட்டுச் சுட்டேன். உலையிலிருந்து வந்து ஆறியபோது நிலைமை தலைகீழ். கண்ணைப் பறித்த ரேக்கின்மேல் நீலம் மையாக இருண்டு கிடந்தது. சப்பையாக இருந்த ரேக்கின்மேல் நீலம் பற்றிக்கொண்டு நின்றது.

காகிதத்தில் கணக்குப் போட்டபோது காரணம் விளங்கியது. 160 டிகிரிப் பள்ளத்தின் ஒவ்வொரு சுவரும் 10 டிகிரி சாய்ந்திருக்கும். நேர்மேலிருந்து இறங்கும் ஒளி அதில் பட்டு 20 டிகிரி திரும்பும். கண்ணாடியிலிருந்து காற்றுக்கு வரும்போது ஒளி மேலும் வளையும் அல்லவா, எனாமலின் ஒளிவிலகல் எண்ணை 1.5 என்று வைத்துக்கொண்டால், வெளியே வரும்போது அது 31 டிகிரி ஆகிவிடும். வெறும் ரேக்கில் 20, கண்ணாடிக்கு அடியில் 31. சின்னச் சாய்வைக் கண்ணாடி பெரிதாக்கிக் கொடுக்கிறது. ஆனால் இதற்கு ஓர் எல்லை உண்டு. கண்ணாடிக்குள் ஒளி சுமார் 42 டிகிரிக்கு மேல் சாய்ந்து மேற்புறத்தை முட்டினால் வெளியே வரவே முடியாது. முழுதாக உள்ளே திருப்பி அனுப்பப்படும். அதாவது சுவரின் சாய்வு ஏறக்குறைய 21 டிகிரியைத் தாண்டினால், நேராக வந்த ஒளி முதல் தடவையில் உள்ளேயே மாட்டிக்கொள்கிறது. 120 டிகிரிப் பள்ளத்தின் சுவர் 30 டிகிரி சாய்வு. ஒளி மேலே முட்டி, கீழே திரும்பி, மறுபடி வெள்ளியில் பட்டு, அதன் பிறகே வெளியேறுகிறது. நிறக் கண்ணாடியின் வழியே அது நடந்த தூரம் மூன்று மடங்கு. அடர் நீலத்தில் அத்தனை தூரம் நடந்தால் மிச்சம் என்ன இருக்கும்?

ரேக்கைக் கையால் கசக்கி விரித்து அதன்மேல் எனாமல் போடும் வழக்கத்தை நான் முழுவதும் விட்டதற்கு இதுதான் காரணம். வலைத்தளங்களில் மிக எளிதான வழி என்று காட்டப்படுவது அதுதான். கசக்கலில் எல்லாச் சாய்வும் இருக்கும், எல்லாத் திசையும் இருக்கும். செங்குத்தான மடிப்புகள் ஒளியை விழுங்கும். மிச்சம் இருப்பவை எல்லாப் பக்கமும் கொஞ்சம் கொஞ்சம் சிதறும். திருப்பினால் மாறாத ஒரு பொதுவான மினுக்கம்தான் கிடைக்கும், மிட்டாய்த் தாள்போல. இதை ரசிக்கிறவர்கள் உண்டு. எனக்குப் பிடிக்கவில்லை, கல்லை உடைத்துப் பொடியாக்கி ஒட்டியதுபோன்ற வருத்தம்தான் வருகிறது.

ஆனால் செங்குத்துச் சாய்வு எங்கும் உதவாது என்று சொல்ல மாட்டேன். வெளிர்நிறங்களில் அதற்கு இடம் இருக்கிறது. மிக லேசான கடல்பச்சை, தண்ணீரில் ஒரு சொட்டு மை கலந்த மாதிரியான நீலம், இவற்றுக்கு ஒளி மூன்று மடங்கு தூரம் நடப்பது நன்மை. கோட்டுப் பள்ளங்களில் நிறம் ஆழ்ந்து நிற்கும், மேடு வெளுத்திருக்கும். ஒரே பதக்கத்தில் நடுவில் 120, ஓரத்தில் 160 என்று மாற்றினால் ஒரே பொடியிலேயே இரண்டு நிறம் வருகிறது. குச்சோ ஆழத்தை மாற்றி வாங்கியதைச் சாய்வை மாற்றி வாங்கலாம். ரேக்குக்கு ஆழம் கிடையாது என்பதால் இது எனக்குப் பெரிய விடுதலையாக இருந்தது.

திசையும் நிறமும்

கோணத்துக்கு அடுத்தது திசை. கொக்கியில் தொங்கும் காதணி நின்ற வாக்கில் இடமும் வலமுமாகத் திரும்பும். அதற்குக் கோடுகள் மேலிருந்து கீழாக ஓட வேண்டும், அப்போதுதான் சுவர்கள் இடமும் வலமும் பார்க்கும். குறுக்குக் கோடு போட்டால் காது எவ்வளவு ஆடினாலும் வெளிச்சம் நகராது. மோதிரம் எல்லாத் திசையிலும் புரளும்; எந்தக் கோடும் பொருந்தும். மார்பில் கிடக்கும் பதக்கம்தான் கடினம். அது அதிகம் அசையாது, பார்க்கிறவர்தான் அசைவார். அதற்கு நடுவிலிருந்து விரியும் கதிர்க்கோடு நல்லது: லேசாகச் சாய்ந்தாலே விசிறிபோன்ற இரண்டு ஒளிச்சிறகுகள் நடுப்புள்ளியைச் சுற்றி நகரும். ஃபாபெர்ஜே பட்டறைக்காரர்கள் இதை அறிந்துதான் முட்டையெங்கும் கதிர் வெட்டினார்கள் என்று நம்புகிறேன்.

நிறத்தைப் பற்றிச் சுருக்கமாக. நீலமும் பச்சையும் வெள்ளிமேல். சிவப்பு வெள்ளிமேல் நேராகப் படக் கூடாது. தங்கம் சேர்த்துச் செய்த சிவப்பு எனாமல்களில் பல வெள்ளியோடு வினைபுரிந்து பழுப்பாகக் கலங்கிவிடும். நடுவில் நிறமில்லாத பூச்சு ஒன்று கொடுக்கலாம், அல்லது தங்க ரேக்கு வைக்கலாம். தங்கம்தான் சிறந்தது. அது நீல ஒளியை விழுங்கிவிட்டுச் செம்மஞ்சளை மட்டும் திருப்புகிறது, சிவப்புக்கு வேண்டியதும் அதுவே. இதே காரணத்தால் தங்கத்தின்மேல் நீலம் செத்துப்போகும். தங்க ரேக்கு விற்கிற விலைக்குச் சிவப்பைப் பதக்கம் முழுக்கப் போட என்னால் ஆகாது. சின்னச் சின்ன இலையாக நறுக்கி, வேண்டிய இடத்தில் மட்டும் வைக்கிறேன்.

இன்று கடைகளில் மீனா என்ற பெயரில் விற்பதில் நிறைய, சுடாத ரெசின் (செயற்கைப் பிசின்) நிறம். அதற்கடியிலும் ரேக்கு மின்னும். ஒளிக்கணக்கு ஏறக்குறைய அதேதான். ஆனால் நாளடைவில் அது கீறிப் பழுக்கும், விளிம்பு கிளம்பினால் காற்றும் ஈரமும் உள்ளே போய் ரேக்கு கறுக்கும். சுட்ட கண்ணாடிக்கு அடியிலுள்ள வெள்ளியைக் காற்று தொடவே முடியாது. எண்ணெய் இறங்காது, தண்ணீர் இறங்காது. நம் ஊர்ப் பெண்கள் எண்ணெய் தேய்த்துக் குளிக்கும்போது கழற்றி வைக்காமல் போட்டுக்கொள்ளக்கூடிய தகடு வேலை இது ஒன்றுதான் என்று வாங்குகிறவர்களிடம் நான் விளக்கிச் சொல்கிறேன். விலை ஏன் கூடுதல் என்று கேட்பவர்களிடமும் இதையேதான் சொல்கிறேன்.

இப்போது கையில் இருப்பது ஒரு ஜோடி ஜிமிக்கி. இதுவரை செய்தவை எல்லாம் தட்டை. கூடு வளைந்தது, வளைவே ஒரு சாய்வு. அதனால் கோட்டின் சாய்வை 6, 7 டிகிரிக்குக் குறைக்கச் சொல்லியிருக்கிறேன். கூட்டைச் சுற்றி வளையமாகக் கோடு போட்டால் பார்க்க எடுப்பாக இருக்கும்தான். ஆனால் ஜிமிக்கி எத்தனை சுழன்றாலும் வெளிச்சம் ஒரே இடத்தில் நின்றுவிடும். உச்சியிலிருந்து விளிம்புக்கு இறங்கும் கோடுதான் சரி, சுழலச் சுழல ஒவ்வொன்றாகப் பற்றும். அதில் இன்னொரு வசதியும் இருக்கிறது. தட்டையான ரேக்கை மடிப்பு விழாமல் கூட்டின்மேல் போர்த்த முடியாது, இதழ் இதழாக நறுக்கித்தான் ஒட்ட வேண்டும். இதழ்கள் சேருமிடமும் உச்சியிலிருந்து விளிம்புக்குத்தான் ஓடும், கோட்டோடு கோடாக மறைந்துவிடும். நிறம் பச்சை. பெரியவர் கீழே தொங்கவிட முத்து கோத்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.